கீட்டோ அமிலத்தன்மையோடு வரும் பிள்ளைக்கு எந்த டிரிப், எவ்வளவு வேகத்தில்?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப்புறக் கிளினிக்கில் வேலை செய்யும் சகோதரியின் கேள்வி இது. இனிப்பு நீர் (நீரிழிவு) என்று தெரியாமலே இருந்து, இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து, வாந்தியும் மூச்சு வாங்கலுமாக வரும் பிள்ளையை ஈப்போவுக்கு அனுப்புவதற்கு முன் எந்த டிரிப் போடுவது? நார்மல் சலைனா, ஹாஃப் சலைனா, ஹார்ட்மனா? வேகமாக ஏற்றினால் மூளை வீங்கிவிடும் என்று ஒரு மூத்தவர் சொன்னாராம். மெதுவாக ஏற்றினால் ரத்த ஓட்டம் போதாமல் ஷாக்கில் போய்விடும் என்று இன்னொருவர் சொன்னாராம். பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதால் கொடுக்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார். கேள்வி பாட்டிலின் பெயரைப் பற்றித்தான். ஆனால் உள்ளே இருக்கும் பயம் வேகத்தைப் பற்றியது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அவசரத்தில் படிப்பவர்களுக்கு முதலில் நேரடிப் பதில். முதல் ஒரு மணி நேரத்துக்கு 0.9 விழுக்காடு சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண நார்மல் சலைன். கிலோவுக்கு 10 மி.லி., அரை மணி நேரத்தில். ஷாக்கில் இருந்தால் கிலோவுக்கு 20 மி.லி., முடிந்த அளவு விரைவாக. அந்த ஒரு மணி நேரத்தில் இன்சுலின் வேண்டாம், அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் வேண்டாம், டெக்ஸ்ட்ரோஸ் (சீனி) மட்டும் உள்ள பாட்டில் வேண்டவே வேண்டாம். இவ்வளவு சரியாக நடந்து, பெரிய மருத்துவமனையின் குழந்தை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தும் விட்டால், தோட்டப்புறக் கிளினிக்கின் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடும்.

டிரிப்பைத் தொங்கவிடும் முன் ஒரு சொட்டு ரத்தத்தில் சீனி பாருங்கள். நம் ஊரில் வாந்தி, வயிற்று வலி, காய்ச்சல் என்று பிள்ளை வந்தால் டெங்கி என்றோ வயிற்றுப்போக்கு என்றோ மனம் ஓடும். ஆழமாக வேகமாக மூச்சு விட்டால் ஆஸ்துமா என்று நெபுலைசர் வைத்துவிடுவோம். நாக்கு வறண்ட பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது என்றால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். உடலில் நீர் வற்றிய பிள்ளைக்குச் சிறுநீர் குறையத்தான் வேண்டும். குறையவில்லை என்றால் சீனிதான் அதை வெளியே இழுக்கிறது. சீனி லிட்டருக்கு 11 மில்லிமோலுக்கு மேல், சிரை ரத்தத்தின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 7.3-க்குக் கீழ் அல்லது பைகார்பனேட் 18-க்குக் கீழ், ரத்தக் கீட்டோன் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கீட்டோ அமிலத்தன்மை. ரத்தக் கீட்டோன் கருவி இல்லாவிட்டால் சிறுநீர்ப் பட்டை போதும். பி.எச். 7.2-க்குக் கீழே போனால் நடுத்தரம், 7.1-க்குக் கீழே போனால் கடுமை. வெள்ளை அணுக்கள் கூடியிருப்பதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு கட்டாதீர்கள். கீட்டோ அமிலத்தன்மை தனியாகவே அதை உயர்த்தும்.

இனி பாட்டில்கள். நார்மல் சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம், அதே அளவு குளோரைடு. ஹாஃப் சலைனில் இரண்டும் 77. ஹார்ட்மனில் சோடியம் 131, குளோரைடு 111, பொட்டாசியம் 5, கொஞ்சம் கால்சியம், 29 லாக்டேட். சில மருத்துவமனைகளில் இருக்கும் ஸ்டெரோஃபண்டினில் சோடியம் 145, குளோரைடு 127, பொட்டாசியம் 4. முதல் ஏற்றத்துக்கு, அதாவது தொடக்கத்தில் கொடுக்கும் அந்தக் கிலோவுக்கு 10 அல்லது 20 மி.லி.க்கு, நார்மல் சலைனோ, ஹார்ட்மன், ஸ்டெரோஃபண்டின் போன்ற சமநிலைத் திரவங்களில் ஒன்றோ சரி. கையில் ஹார்ட்மன் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதைப் போடத் தயங்க வேண்டாம். லாக்டேட் இருக்கிறதே, அமிலத்தன்மை கூடுமே என்று சிலர் கேட்பார்கள். அது சோடியம் லாக்டேட். கல்லீரல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடும். ஹாஃப் சலைனுக்கு முதல் ஏற்றத்தில் இடமில்லை, பின்னால்தான். குழந்தைப் பிரிவு அலமாரிகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த 0.18 விழுக்காடு சலைன் டெக்ஸ்ட்ரோஸை இந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கட்டத்திலும் போடக்கூடாது. அதில் சோடியம் சுமார் 30 மட்டுமே. உடல் டெக்ஸ்ட்ரோஸை எரித்த பிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

எவ்வளவு நீர் வற்றியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதில்தான் எல்லோரும் தவறுகிறோம். வாயால் மூச்சு விடுவதால் நாக்கு கூடுதலாக வறண்டு தெரியும். அமிலத்தன்மையால் மூச்சு வேகம் ஏற்கெனவே கூடியிருக்கும். மறுபக்கம், சீனி ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் ரத்த அழுத்தம் கடைசிவரை நன்றாகவே இருக்கும். அதனால் மதிப்பீட்டைப் பி.எச். தரத்தோடு கட்டிவிடுவது நடைமுறைக்கு எளிது: லேசானதற்கு உடல் எடையில் 5 விழுக்காடு, நடுத்தரத்துக்கு 7, கடுமைக்கு 10. ஷாக் என்று சொல்ல வேண்டுமானால் நாடித் துடிப்பு மெலிய வேண்டும், கைகால் சில்லிட வேண்டும், அழுத்தி விட்ட தோலில் ரத்தம் திரும்ப நேரமாக வேண்டும்.

கணக்கை ஒரு பிள்ளையை வைத்துப் போடுவோம். எடை 24 கிலோ, பி.எச். 7.15, ஷாக் இல்லை. முதல் ஏற்றம் 240 மி.லி. ஆகும். வற்றிய நீரின் பற்றாக்குறை 7 விழுக்காடு என்றால் 1,680 மி.லி. ஆகும். ஷாக் இல்லாத பிள்ளைக்குக் கொடுத்த முதல் ஏற்றத்தை இதில் கழிக்கலாம், மீதி 1,440. அதை 48 மணி நேரத்தில் பிரித்தால் மணிக்கு 30. அன்றாடத் தேவை, முதல் 10 கிலோவுக்கு 1,000, அடுத்த 10 கிலோவுக்கு 500, மீதி 4 கிலோவுக்கு 80, ஆக நாளுக்கு 1,580, மணிக்கு 66. இரண்டையும் கூட்டினால் மணிக்கு 96 மி.லி. பம்ப் இல்லாமல் ஆம்புலன்ஸில் போக நேர்ந்தால், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாயில் அது நிமிடத்துக்கு 32 சொட்டு. ஷாக்குக்காகக் கொடுத்த ஏற்றங்களைப் பற்றாக்குறையில் கழிப்பதில்லை என்பது பிரிட்டனின் வழக்கம். சில இடங்களில் எல்லாவற்றையும் கழிப்பார்கள். பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனை எதைப் பின்பற்றுகிறதோ அதையே செய்யுங்கள். பருமனான பிள்ளைக்கு நிஜ எடையை அப்படியே வைத்துப் பெருக்கினால் அளவு எகிறிவிடும். அன்றாடத் தேவையின் இரண்டு மடங்கைத் தாண்டினால் கணக்கை மறுபடி பாருங்கள்.

இப்போது அந்த இரண்டு மூத்தவர்களின் சண்டை. வேகமாக ஏற்றினால் மூளை வீங்கும் என்ற பயம் வெறும் கதையாகக் கிளம்பியதில்லை. கீட்டோ அமிலத்தன்மையில் இறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரைக் கொல்வது மூளை வீக்கம்தான். நூற்றில் ஒரு பிள்ளைக்கும் குறைவாகத்தான் அது வருகிறது. வந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளை பிழைப்பதில்லை. ரத்தத்தில் சீனி சட்டென்று இறங்க, தண்ணீர் மூளை உயிரணுக்களுக்குள் பாய்கிறது என்பது பழைய விளக்கம். அதிலிருந்துதான் மெதுவாக, மெதுவாக என்ற கட்டளை பிறந்தது. 2018-ல் அமெரிக்காவின் 13 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த பெரிய சோதனை வெளிவந்தது. 1,255 பிள்ளைகள், 1,389 முறை கீட்டோ அமிலத்தன்மை. பாதிப் பேருக்கு 0.9 விழுக்காடு, பாதிப் பேருக்கு 0.45, அதாவது ஹாஃப் சலைன். அதிலும் ஒரு பாதிக்கு வேகமாக, மறுபாதிக்கு மெதுவாக. வேகம் என்றால் முதலில் கிலோவுக்கு 20 மி.லி., பற்றாக்குறை 10 விழுக்காடு என்று வைத்து அதில் பாதி முதல் 12 மணி நேரத்தில், மீதி அடுத்த 24 மணி நேரத்தில். மெதுவு என்றால் கிலோவுக்கு 10 மி.லி., பற்றாக்குறை 5 விழுக்காடு, 48 மணி நேரம். நான்கு குழுக்களுக்கும் இடையே மூளைப் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

இதிலிருந்து எதைத் துணிந்து சொல்லலாம்? இந்த இரண்டு வேகங்களுக்கு நடுவில் எங்கே நின்றாலும் மருத்துவர் பிள்ளைக்குக் கேடு செய்துவிடவில்லை. இரண்டு மூத்தவர்களும் பாதி சரி. எதைச் சொல்லக்கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். நினைவு மிகவும் குன்றிய நிலையில் வந்த பிள்ளைகள் தொடக்கக் காலத்துக்குப் பிறகு அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை. நடந்த இடங்களும் மணிக்கு மணி நரம்புச் சோதனை செய்யும் பெரிய மருத்துவமனைகள். அரைத் தூக்கத்தில் வரும் பிள்ளைக்கும் வேகம் பாதுகாப்பானது என்று அந்த முடிவை நீட்டுவது நேர்மையாகாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஷாக் தீரும்வரை தாராளம், அதன் பிறகு நிதானம் என்பதே என் சாய்வு. வீக்கத்துக்கான காரணமும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. சிகிச்சைக்கு முன்பே மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருப்பதும், ஓட்டம் திரும்பும்போது நடக்கும் சேதமும்தான் மூலம் என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது. 2001-ல் வந்த அமெரிக்க ஆய்வில் வரும்போதே யூரியா கூடியிருந்தவர்களுக்கும், கரியமில வாயு மிகவும் குறைந்திருந்தவர்களுக்கும், பைகார்பனேட் கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம் இருந்தது. அதாவது, தாமதமாக வந்த பிள்ளைகள். சொட்டு வேகத்தைப் பற்றிச் சண்டை போடுவதைவிட ஒரு நாள் முன்னதாகச் சீனி பார்ப்பது பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பாட்டிலின் பெயரைவிட அதில் கலக்கும் பொட்டாசியத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். உடல் முழுவதும் பொட்டாசியம் தீர்ந்திருக்கும். அமிலத்தன்மையும் இன்சுலின் இன்மையும் உயிரணுக்களிலிருந்து அதை வெளியே தள்ளுவதால் ரத்தத்தில் மட்டும் சரியாகவோ கூடுதலாகவோ தெரியும். இன்சுலின் ஓடத் தொடங்கியதும் அது உள்ளே திரும்பி, ரத்தத்தில் சரிந்து, இதயத்தைத் தடுமாற வைக்கும். எனவே முதல் ஏற்றம் முடிந்து, இன்சுலின் தொடங்கும்போதே லிட்டருக்கு 40 மில்லிமோல் பொட்டாசியம் ஓட வேண்டும். அளவு கூடியிருந்தால் மட்டும் சிறுநீர் போவதை உறுதி செய்துவிட்டுத் தொடங்கலாம். மாறாக 3-க்குக் கீழே இருந்தால் பொட்டாசியம் முதலில், இன்சுலின் பிறகு. நம் நாட்டில் புழங்கும் 10 மி.லி., 1 கிராம் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலில் 13.4 மில்லிமோல் இருக்கிறது. ஆக 500 மி.லி. பாட்டிலுக்கு ஒன்றரை ஆம்பூல், அதாவது 15 மி.லி. வேண்டும். ஊற்றியதும் பாட்டிலைப் பல முறை தலைகீழாகப் புரட்டுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் செலுத்திவிட்டு அப்படியே விட்டால் அடர்த்தியான பொட்டாசியம் அடியில் தங்கி முதலில் அதுவே பிள்ளைக்குள் போகும். ஆம்பூலிலிருந்து நேரே நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பரிசோதனை முடிவு வரத் தாமதமானால் ஈ.சி.ஜி. எடுத்து டி அலை உயர்ந்து கூராக இருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்சுலின் திரவம் தொடங்கி ஒரு மணி நேரமாவது கழித்துத்தான். கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட். தொடக்கத்தில் மொத்தமாக ஓர் ஊசி போடும் வழக்கம் பிள்ளைகளுக்கு இல்லை. பம்பும் இரண்டாவது டிரிப் வழியும் இல்லாத கிளினிக்கில் அதைத் தொடங்கவே வேண்டாம். ஈப்போ போய்ச் சேரும்வரை இன்சுலின் காத்திருக்கும், திரவம் காத்திருக்காது. சீனி மணிக்கு 5 மில்லிமோலைவிட வேகமாக இறங்கினாலோ, 14 முதல் 17-க்கு வந்துவிட்டாலோ டிரிப்பில் 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் சேர்க்க வேண்டும். சீனி நோய்க்காரப் பிள்ளைக்குச் சீனித் தண்ணீரா என்று பெற்றோர் பதறுவது இந்த இடத்தில்தான். விளக்கிச் சொல்லுங்கள்: சீனி இறங்கிவிட்டது, ஆனால் கீட்டோன் உருவாவது இன்னும் நிற்கவில்லை. அதை நிறுத்த இன்சுலின் ஓடியாக வேண்டும். இன்சுலினை ஓட விட வேண்டுமானால் சீனியை நாம் கொடுத்தாக வேண்டும். சீனி இறங்கியதும் இன்சுலினை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சில மணி நேரத்தில் அமிலத்தன்மை திரும்பி வரும். கலந்த பாட்டில் கிடைக்காதபோது 500 மி.லி. நார்மல் சலைனிலிருந்து 50 மி.லி. எடுத்துவிட்டு 50 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லி. சேர்த்தால் 5 விழுக்காடு ஆகிவிடும். 100 எடுத்து 100 சேர்த்தால் 10 விழுக்காடு. சலைனின் செறிவு அப்போது 0.72 விழுக்காட்டுக்கு இறங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

0.9-ஐத் தொடர்வதா, 0.45-க்கு மாறுவதா என்பதைச் சோடியம் சொல்லும். சீனி இறங்க இறங்கச் சோடியம் ஏற வேண்டும், ஒவ்வொரு 5.6 மில்லிமோலுக்கும் ஏறத்தாழ 2 வீதம். வரும்போது சீனி 32, சோடியம் 130 என்றால், நான்கு மணி நேரத்தில் சீனி 22 ஆகும்போது சோடியம் 133, 134 என்று இருக்க வேண்டும். அப்போது சோடியத்தை இரட்டிப்பாக்கிச் சீனியைக் கூட்டினால் வரும் ஆஸ்மோ அளவு (ரத்தத்தின் செறிவு) 292-லிருந்து 290 ஆகிறது, நிம்மதி. சோடியம் ஏறாமல் 128-க்கு இறங்கினால் அதே கணக்கு 278 ஆகிவிடும். நான்கு மணி நேரத்தில் 14 சரிவது எச்சரிக்கை. ஹாஃப் சலைன் ஓடினால் உடனே 0.9-க்கு மாற்றுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோடியம் நன்றாக ஏறிக்கொண்டு, குளோரைடும் கூடிக்கொண்டு போனால் 0.45-க்கோ சமநிலைத் திரவத்துக்கோ இறங்கலாம். நார்மல் சலைன் நிறைய ஓடிய பிள்ளைக்குக் கீட்டோன் தீர்ந்த பிறகும் பைகார்பனேட் தாழ்ந்தே நிற்கும். அது குளோரைடு செய்யும் வேலை, தானாகச் சரியாகும். அதைக் கீட்டோ அமிலத்தன்மை என்று நினைத்து இன்சுலினைக் கூட்டக்கூடாது. ரத்தக் கீட்டோன் 1-க்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

வழியில் மிஸ்ஸியின் (தாதியின்) கண் பாட்டிலைவிடப் பிள்ளையின் முகத்தில் இருப்பது நல்லது. சிகிச்சை தொடங்கிய பிறகு புதிதாக வரும் தலைவலி, நின்ற வாந்தி மறுபடி வருவது, நாடித் துடிப்பு குறைந்து ரத்த அழுத்தம் ஏறுவது, எழுப்பினால் எரிச்சலோடு உளறுவது, பழக்கமில்லாமல் படுக்கையில் சிறுநீர் போவது, கண்மணிகள் சமமில்லாமல் போவது. இவை மூளை வீக்கத்தின் அறிகுறிகள், வந்தால் சி.டி. ஸ்கேனுக்குக் காத்திருக்கக்கூடாது. தலையை 30 பாகை உயர்த்தி, வீக்கத்தைக் குறைக்கும் மனிட்டால் கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம், 10 முதல் 15 நிமிடத்தில். நம் 24 கிலோப் பிள்ளைக்கு 20 விழுக்காடு மனிட்டாலில் 60 முதல் 120 மி.லி. ஆகும். மாறாக 3 விழுக்காடு சலைன் இருந்தால் கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.லி. என்பதால் அதே 60 முதல் 120 மி.லி. இந்த அளவைப் புறப்படும் முன்பே ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிக்கொண்டு, மருந்தையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ஆம்புலன்ஸ் குலுங்கும்போது யாருக்கும் பெருக்கல் வராது. அனுப்பும் கடிதத்தில் எடை, எந்தத் திரவம், எத்தனை மி.லி., எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதுவரை எவ்வளவு சிறுநீர் போனது, நினைவு நிலை எப்படி என்று எழுதுங்கள். அங்கே கணக்குப் போடுபவருக்கு இவை இல்லாமல் ஓடாது.

ஒரு விதிவிலக்கு. பருமனான பதின்ம வயதுப் பிள்ளை, சீனி 33-க்கு மேல், கீட்டோன் குறைவு, ஆஸ்மோ அளவு 320-க்கு மேல் என்றால் அது வேறு நோய்நிலை. அங்கே பற்றாக்குறை 12 முதல் 15 விழுக்காடு வரை போகும், திரவம் இன்னும் தாராளமாக வேண்டும். மேலே போட்ட கணக்கு அதற்குப் பொருந்தாது.

கடைசிக் கேள்வி, தண்ணீர். பிள்ளை கேட்டு அழும், தாய்க்கு மனம் தாங்காது. பல நாள் தாகத்தைத் தீர்க்க வீட்டில் ஏற்கெனவே 100 பிளஸ், மைலோ, சீராப் என்று ஊற்றியிருப்பார்கள். அது சீனியை மேலும் ஏற்றியிருக்கும். நிறையக் குடித்த வெறும் தண்ணீரும் வயிற்றில் தேங்கியிருந்து பிறகு உறிஞ்சப்பட்டுச் சோடியத்தை இறக்கும். எவ்வளவு குடித்தது என்று கேட்டுக் கடிதத்தில் எழுதுங்கள். வாந்தி இருக்கும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம். முழு நினைவோடு இருந்து வாந்தி நின்றிருந்தால் உதட்டை நனைக்கவும், சின்ன ஐஸ் துண்டு ஒன்றைச் சப்பவும் விடலாம். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருக்கச் சொல்லித் தாயைப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். பிள்ளையின் பேச்சு மாறினால் முதலில் கவனிப்பதும் அவர்தான்.